ஐந்து டிகிரி

இந்த வீட்டுக்கு நான் குடிவந்த அன்று
நிலவறையில் இரண்டாவதாக ஒரு குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
பீர் இருக்குமென்று திறந்தேன்.
மண்ணும் சருகும் நிரப்பிய நான்கு டப்பாக்கள்.
மூன்றில் ஆமை. ஒன்றில் சோளப்பாம்பு,
யாரோ சுருட்டிவைத்து மறந்த கயிறுபோல.
"மெதுவாக மூடு" என்றான் ஓன்னோ.
"தூங்குகிறார்கள்."

தூங்குகின்றன என்று நான் திருத்தவில்லை.
காதலின் முதல் மாதம்,
இலக்கணத்தை விட்டுக்கொடுக்கிற மாதம்.

ஜனவரியில் அவன் கப்பலேறினான்.
எஞ்சின் அறையில் நாற்பத்தைந்து டிகிரியாம்.
எனக்கு விட்டுப்போனது ஐந்து.
கதவில் ஒட்டிய தாளில் அவன் கோணல் கையெழுத்து:
தினம் ஒரு நிமிடம் திற, காற்று மாறட்டும்.
பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்.
வெள்ளிதோறும் ஆமைகளை எடை போடு.
பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எழுப்பிவிடு.
உன்னையும் பார்த்துக்கொள் என்று ஒரு வரி
மறுபக்கம் இருக்குமோ என்று உரித்துப் பார்த்தேன்.
பழைய மின்கட்டண ரசீது.

பிரேமர்ஹாஃபன் மருத்துவமனையில்
தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவுப்பணி.
திரையில் பச்சைக் கோடு எழும், விழும்.
எழாவிட்டால் ஓடுவோம்.
விடிந்து வீடு திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல்
நிலவறைக்கு இறங்கினால்
இங்கே கோடே கிடையாது.
ஐந்தையும் உள்ளிழுத்துக்கொண்ட ஒரு கல்.
உயிர் இருக்கிறதென்று
எதைப் பார்த்து எழுதிக்கொள்வது?
விரல்நுனியால் பின்னங்காலைத் தொடுவேன்.
காத்திருக்க வேண்டும்.
ஓர் அரிசியளவு உள்ளே நகரும்.
அவ்வளவுதான் காலை வணக்கம்.

"நாயாவது வாலாட்டும்.
இதெல்லாம் உனக்கு என்ன செய்யும்?"
கூட வேலைபார்க்கும் ஸ்வாந்தியே கேட்டாள்.
"எடை குறையாமல் இருக்கும்" என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவன் அழைப்பு.
முதல் கேள்வி: "எத்தனை டிகிரி?"
"நாலரை."
"நல்லது." பிறகு இரைச்சல்.
பிறகு என் பெயர், பாதி.

பிப்ரவரி, மூன்றாம் வெள்ளி.
ஹெடா, அக்டோபரில் ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம்.
இன்று ஆயிரத்து நூற்று ஒன்பது.
தராசின்மேல் சந்தேகம்.
ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தேன்.
ஆயிரத்து ஆறு, காகித உறையோடு.
தராசு பொய் சொல்லவில்லை.
அழைத்தேன். கப்பல் எந்தக் கடலிலோ.
சனியன்றும் மணி அடிக்கவில்லை.
ஆக, நான்தான்.

ஒரு நாள் குளிர்ந்த மாடிப்படியில்.
ஒரு நாள் சமையலறைத் தரையில்.
பிறகு மாவு பிசையும் தொட்டியில் இளஞ்சூட்டு நீர்,
தாடை முங்காத அளவுக்கு.
வெளியே மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
கழுத்துத் தோல் முதலில் அசைந்தது.
ஒரு கண் திறந்தது. மற்றது ஒட்டிக்கிடந்தது.
தலையைத் தாழ்த்திக் குடித்தது.
குடித்தாள்.
பொய்யில்லை, பதினொரு நிமிடம் குடித்தாள்,
தொண்டை எழுந்து, விழுந்து, எழுந்து.
என் கண்ணுக்குப் பழகிய கோடு.

பிறகு என்னைப் பார்த்தாள்.
மேசைக்காலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
தொட்டி நீரிலேயே, என் கைமேலேயே,
குளிர்காலம் முழுதும் அடக்கியதைக் கழித்தாள்.
கண்விழித்ததும் என் கையைப் பற்றிக்கொண்டு
அழுதவர்கள் எத்தனையோ பேர்.
அவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.
இவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.
நனைந்த சட்டையோடு
தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், நெடுநேரம்.

புதன்கிழமை மணி அடித்தது.
"எத்தனை டிகிரி?"
"இருபத்தெட்டு. ஹெடா விளக்கடியில் இருக்கிறாள்."
மறுமுனையில் எஞ்சின் மட்டும்.
"தின்றாளா?"
"இன்னும் இல்லை."
"நீ?"